விட்டுப்போன வரி

தாளை நீட்டிய கை அப்படியே நின்றபோதுதான் சுகிர்தத்துக்கு உறைத்தது. கடலில் மகனைப் பறிகொடுத்த தாயின் வேஷத்தைப் போயும் போயும் பெனிட்டாவிடம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பெனிட்டா அதற்குள் தாளின் மறுமுனையைப் பிடித்துவிட்டாள். ஒரு கணம் இரண்டு பேரும் ஒரே தாளைப் பிடித்தபடி நின்றார்கள். பிறகு சுகிர்தம் விட்டுவிட்டாள். விடாமல் என்ன செய்வது? திரும்ப இழுத்தால் ஏன் என்று கேட்பாள். அவள் ஏன் என்று கேட்டுவிட்டால் அதற்குச் சொல்ல வேண்டிய பதில், தாளில் இருப்பதைவிட மோசமான பதில். குரலுக்காகத்தான் கொடுத்தது. அந்த ஆங்கில வகுப்பில் பெனிட்டாவின் குரல் ஒன்றுதான் கடைசி பெஞ்சு வரைக்கும் அலுங்காமல் போகும். கடற்கரையில் காற்றுக்கு எதிராகப் பேசிப் பழகின குரல். நேற்று ராத்திரி படுக்கையில் கிடந்தபடியே யார் யாருக்கு எந்த வேஷம் என்று மனசுக்குள் பிரித்தபோது, தாய் என்றதும் பெனிட்டா என்று தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. அவளுக்குப் போனது மகன் இல்லை, புருஷன். அதனால்தான் கண்ணுக்குத் தப்பியிருக்க வேண்டும். தாய், மகன் என்று எழுதியிருந்ததைப் படித்தாளே தவிர, கடல் என்று எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. முப்பது வருஷமாக வாத்தியார் வேலை. ஒரு சொல்லைப் பார்க்காமல் விட்டால் மற்றவர்களுக்கு மார்க் குறைக்கிற வேலை. கீழே பேக்கரியில் அடுத்த ஈடு பன் வெந்துகொண்டிருந்தது. அந்த வாசனை படியேறி வந்து, மழையின் புழுக்கத்தோடு சேர்ந்து அறை முழுக்க அப்பிக்கிடந்தது.

மாற்றிவிடலாம். இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஷமீனாவுக்குத் தாயைக் கொடுத்துவிட்டு, அவளுடைய வேலைக்காரி வேஷத்தைப் பெனிட்டாவுக்குக் கொடுக்கலாம். வேலைக்காரிக்கு மூன்றே வரி, ரொட்டி கொண்டுவருகிறேன் அம்மா, சூப் சூடாக இருக்கிறது அம்மா, இந்த மாதிரி, அவ்வளவுதான். ஆனால் தக்கலைப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை மேய்க்கிற ஷமீனா அந்த மூன்று வரிக்கும் ஏற்கெனவே பென்சிலால் கோடு போட்டு, உதட்டை அசைத்து அசைத்துப் பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள். மாற்றினால் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள், பார்த்ததும் எல்லோருக்கும் விளங்கிவிடும். விளங்கினபின் எல்லோரும் பெனிட்டாவைப் பார்க்காமல் இருக்கப் பாடுபடுவார்கள், அதைப் பெனிட்டா பார்ப்பாள். அவளுடைய கதை அந்த அறையில் தெரியாதவர் கிடையாது. இந்த வகுப்பின் முதல் நாள் ஒவ்வொருவரும் எதற்காக ஆங்கிலம் படிக்கிறோம் என்று எழுந்து சொன்னார்கள். கனடாவில் இருக்கிற பேரன் தமிழ் பேசமாட்டேன் என்கிறான், அவனோடு சண்டை போடுவதற்காக என்றார் மின்வாரியத்தில் இஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்ற சுயம்புலிங்கம், எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பெனிட்டா எழுந்து, தன் கணவர் கிளீட்டஸ் மீன்பிடிக்கப் போன இடத்தில் புயலில் காணாமல் போனதாகவும், கப்பல் கம்பெனிகளுக்கும் வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கும் எழுதவும் போனில் பேசவும் ஆங்கிலம் வேண்டும் என்றும், தவறில்லாத, வீட்டிலேயே சொல்லிப்பார்த்துக்கொண்டு வந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். இந்த நிறுவனத்தில் அடிமட்ட வகுப்பிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி வந்தவள் அவள் ஒருத்திதான். முதல் வகுப்புக்கு வந்தபோது தன் பேரை எழுதவே பேனாவை இறுக்கிப் பிடித்தவள். இப்போது ஓமன், மாலத்தீவு, ஈரான் என்று அவள் கூப்பிடாத துறைமுகம் இல்லை. இந்த வகுப்போடு படி முடிகிறது. இதற்கு மேலே இங்கே வகுப்பு கிடையாது. அதனால்தான் கடைசியில் கொஞ்சம் பழைய கவிதையும் பழைய நாடகமும் வைத்திருக்கிறார்கள், கல்யாணப் பந்தியில் கடைசியாகப் பாயசம் வைப்பதுபோல. பாயசம் என்று நினைத்துத்தான் வைத்தார்கள்.

போன வாரம் எவ்வளவு நன்றாகப் போனது. பழைய ஆங்கிலத்திலும் நீ, நீங்கள் என்று இரண்டு இருந்தது, நானூறு வருஷத்துக்கு முந்தைய ஆட்கள் இன்னாரிடம் நீ, இன்னாரிடம் நீங்கள் என்று பார்த்துத்தான் பேசினார்கள் என்று சொன்னதும் வகுப்பே குஷியாகிவிட்டது. "அப்போ வெள்ளைக்காரனும் நம்மள மாதிரிதான் மிஸ்!" என்று ஷமீனா விதியை மறந்து தமிழில் கத்தினாள். வகுப்பில் ஆங்கிலம்தான் பேச வேண்டும் என்பது விதி. பிறகு ஏன் நீ போய்விட்டது என்று கேட்டார் சுயம்புலிங்கம். எல்லோருக்கும் மரியாதை கொடுத்துக் கொடுத்து, நெருக்கத்துக்கென்று இருந்த சொல்லைத் தொலைத்துவிட்டார்கள் என்றாள் சுகிர்தம். யாரையெல்லாம் நீ என்பார்கள் என்று பெனிட்டா கேட்டாள். குழந்தையை, வேலைக்காரரை, காதலிக்கிறவரை, கடவுளை என்று பலகையில் எழுதிக்கொண்டே வந்து, அடுத்ததாக எழுத இருந்த சொல் சுண்ணக்கட்டியின் நுனியில் வந்து நின்றது. இறந்தவர்களை. எழுதவில்லை; போதும் என்று கையைத் தட்டிக்கொண்டாள். உயிரோடு இருக்கிறவரைக்கும் அவங்க, இவங்க என்று பேர்கூடச் சொல்லாதவள், புருஷன் செத்து நடுவீட்டில் கிடக்கும்போது நீ போனாயே, என்னை விட்டு நீ போனாயே என்றுதானே அழுகிறாள். பெனிட்டா இன்னும் அவங்க என்றுதான் சொல்கிறாள். அவங்களுக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு மிஸ், அதுக்கு இங்கிலீஷில் என்ன? ஆக, அன்றைக்குக் கை நின்றிருக்கிறது. அன்றைக்குப் புத்தி இருந்திருக்கிறது. இன்றைக்கு எங்கே போனது?

இன்றைக்கு மனசில் தன் அப்பா வந்து நின்றுகொண்டார், அதுதான். இந்தக் காட்சியை அவள் தேர்ந்தெடுத்ததே தனக்காக. எழுதியவர் பேர்கூடத் தெரியாத நாடகம். படிக்கிற காலத்தில் ஒரு பழைய தொகுப்பில் பார்த்தது. துறைமுக ஊரில் ஒரு பணக்கார விதவை. மகன் கப்பலில் போயிருக்கிறான். அந்தக் கப்பலில் இருந்தவன் ஒருவன் நனைந்துபோய் வாசலில் வந்து நிற்கிறான். அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவள் வேறு ஏதோ கேட்கிறாள். வழியில் மழையா, செருப்பு ஏன் இப்படிப் பிய்ந்திருக்கிறது, உங்கள் தாயார் சுகமா, முதலில் சாப்பிடுங்கள். அவனைப் பேசவே விடமாட்டாள். அதைப் படித்தபோது சுகிர்தத்துக்கு இருபத்திரண்டு வயசு, மதுரையில் ஹாஸ்டல். படித்த சில மாதத்தில் ஹாஸ்டல் போனில் பெரியண்ணன், அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்கு, கெளம்பி வா என்றான். சீரியஸ். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் என்பது யாருக்குத் தெரியாது? அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்றெல்லாம் கேட்டாள். அண்ணனும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான், பாவம், அந்த நேரத்தில் ஒரு டாக்டர் பேரை உண்டாக்கிச் சொன்னான். பஸ்ஸில் வரும்போது கயத்தாறில் டீக்கு நிறுத்தினார்கள். இறங்கி, வடை வாங்கித் தின்றாள். நல்ல பசி. அப்பா இருக்கிறார் என்றால் பசிக்கலாம். இல்லை என்றால் பசிக்கக்கூடாது. ஆகவே பசிக்கிறவரைக்கும் அப்பா இருக்கிறார் என்று அந்தக் கூரைக்கடியில் நின்று ஒரு கணக்கு. தெரு முனையில் ஷாமியானா தெரிகிறவரைக்கும் அந்தக் கணக்கு அவளைச் சுமந்துகொண்டு வந்தது. ஆங்கிலேயன் எழுதியிருக்கிற இந்தக் காட்சியை நம்மைவிட யாருக்கு நன்றாக விளங்கும், நாகர்கோவிலில் இருக்கிறவனுக்கு விளக்கவுரையே தேவையில்லையே என்றுதான் நேற்று அவ்வளவு உற்சாகமாகப் படி எடுத்தாள். தன் துக்கம் பழசாகிப் பாடமாகிவிட்டது. எல்லோருடையதும் அப்படியாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்போல.

"ஆரம்பிக்கலாமா மேடம்?" என்றார் சுயம்புலிங்கம் ஆங்கிலத்தில். அவர்தான் தூதுவன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நனைந்தவன் நிற்பதுபோல நிற்க வேண்டும் என்று எழுந்தே நின்றுவிட்டார். நிஜமாகவே நனைந்துதான் இருந்தார்; குடை காற்றில் திருப்பிக்கொண்டதில் வேட்டியின் கீழ்ப்பாதி காலோடு ஒட்டியிருந்தது. சுகிர்தம் தலையாட்டினாள். வேண்டாம் என்று ஆட்ட நினைத்த தலை ஆகட்டும் என்று ஆடியது. பெனிட்டா உட்கார்ந்தபடியே படிக்கத் தொடங்கினாள். உள்ளே வாருங்கள், வாசலில் நிற்க வேண்டாம், மலைப்பாதையில் மழை பெய்கிறதா? அந்த ஆங்கிலத்தில் கடற்கரைத் தமிழின் ஏற்ற இறக்கம் இருந்தது, கேள்வியின் கடைசியில் சொல்லைச் சற்று இழுத்து விடுகிற பழக்கம். அது அந்தப் பழைய வரிகளுக்கு எப்படியோ பொருந்திப்போனது. தூதுவன், அம்மா நான் ஒரு செய்தியோடு, என்று தொடங்கினான். செய்திக்கு என்ன அவசரம், உட்காருங்கள், என்றாள் தாய். ஷமீனா ரொட்டி கொண்டுவருகிறேன் அம்மா என்றாள், மூன்றாம் வகுப்புக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக. சிரிக்க வேண்டிய இடம். யாரோ மெல்லச் சிரித்தார்கள். ஒருவேளை ஒன்றும் ஆகாது என்று தோன்றியது. ஒருவேளை இது வெறும் பாடம்தான், பழைய வினைச்சொல், பழைய பிரதிப்பெயர், அர்த்தம் எழுதுக. சனங்கள் நாம் நினைக்கிற அளவுக்கு நொறுங்கிப்போகிறவர்கள் இல்லை. சினிமாவில் கப்பல் முழுகுகிறது, கடற்கரைக்காரர்களும்தான் பார்க்கிறார்கள். அப்படியானால் எதற்காக இந்தப் பயம்?

பெனிட்டா எழுதுகிற கடிதங்கள். அதை நினைக்காமல் இருக்கத்தான் இவ்வளவு நேரமும் அப்பாவையும் வடையையும் நினைத்துக்கொண்டிருந்ததா? ஒவ்வொரு கடிதத்தையும் அனுப்புவதற்கு முன்னால் திருத்தக் கொண்டுவருவாள். முதலில் தவறுகளே அதிகம், போகப்போகக் குறைந்து, இப்போது திருத்த ஒன்றும் இருப்பதில்லை. அவர் உயரமானவர். மாநிறம். இடது புருவத்தில் தழும்பு இருக்கிறது. மலையாளமும் பேசுவார். எல்லாம் இஸ், எல்லாம் ஹேஸ். அந்த இஸ்மீது சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு எத்தனை தடவை சுகிர்தம் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். இலக்கணப்படி தவறில்லை, தவறு என்று சொல்ல அவளுக்கு என்ன சாட்சி இருக்கிறது? படகில் போனவர்களில் பாதிப் பேருடைய உடல் ஒதுங்கியது, மீதிப் பேருடையது ஒதுங்கவில்லை, அவ்வளவுதானே யாருக்கும் தெரியும். தமிழில் இந்தத் தொல்லை இல்லை. அவங்க நல்ல உயரம் மிஸ். முடிந்தது. உயரமாக இருக்கிறாரா இருந்தாரா என்று கேட்பதே இல்லை நம் மொழி. இருக்கிறவனுக்கும் போனவனுக்கும் ஒரே வாக்கியம், வினைச்சொல்லே இல்லாமல், தொட்டில் மாதிரி இருவரையும் தாங்கிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அவரைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும் என்றாலும் இஸ்ஸா வாஸா என்று முடிவுகட்டியாக வேண்டும். ஒவ்வொரு கடிதத்திலும் ஒவ்வொரு வரியிலும் அவள் உட்கார்ந்து முடிவுகட்டியிருக்கிறாள். இருக்கிறார், இருக்கிறார், இருக்கிறார். இதைக் கற்றுக்கொடுத்தது யார்? சுகிர்தம்தான். மாட்டேன் என்று ஒரு வார்த்தை, போதும் பெனிட்டா என்று ஒரு வார்த்தை, அவளும் சொன்னதில்லை. ஊரும் சொன்னதில்லை. எல்லோரும் கமாவைத் திருத்தினார்கள். ஒருநாள் பெனிட்டா கடிதத்தைத் திருப்பி வாங்கும்போது, "எல்லாம் சரியா மிஸ்?" என்று கேட்டாள். சரிதான் என்றாள் சுகிர்தம். "வேற ஒண்ணும் சொல்லதுக்கு இல்லியா?" என்று மறுபடி கேட்டாள். அன்றைக்கு அது இலக்கணக் கேள்வி என்றே பட்டது. இப்போது, இந்த நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்த பக்கம் புரளப்போகிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்போதுதான், அது வேறு கேள்வியாக இருக்குமோ என்று தோன்றியது.

பக்கம் புரண்டது. தாய் கேட்டுக்கொண்டே போனாள். உங்கள் தாயாருக்கு இப்போது கண் எப்படி இருக்கிறது, உங்கள் ஊரில் ஆப்பிள் காய்த்துவிட்டதா, அந்தக் குதிரையை யாராவது துடைத்துவிட்டார்களா. பெனிட்டா அவசரப்படவில்லை. அழுகிற மாதிரியும் படிக்கவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கவனிக்கிற ஒருத்தி, கை நிறைய வேலை இருக்கிற ஒருத்தி, அப்படிப் படித்தாள். மழை தகரக் கூரையில் வலுத்ததும் அதற்கு ஏற்பக் குரலையும் சற்று ஏற்றினாள். சுகிர்தம் தன் தாளில் கண்ணை ஓட்டினாள். இன்னும் நாலைந்து வரிதான். அதற்குப் பிறகு தாய் கேள்வி தீர்ந்து நிற்பாள், தூதுவன் சொல்லிவிடுவான். உங்கள் மகன் மூழ்கிவிட்டான், அம்மா. ஒரு சின்ன வரி. அதற்கு முன்னால் நிறுத்த வேண்டும். நேரமாகிவிட்டது என்று சொல்லலாம், ஆகவில்லை. மின்சாரம் போனால் தேவலை. பேக்கரிக்காரன் அடுப்பை ஊதி அணைத்து, எல்லோரும் கீழே வாருங்கள் என்று கத்தினால் தேவலை. வாயைத் திறந்தாள். என்ன சொல்ல? பெனிட்டா, இந்த இடம் உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்றா? ஏன் கஷ்டம் மிஸ், எனக்கு யார் செத்தது என்று அவள் கேட்டால்? திறந்த வாய் திறந்தபடி இருக்க, கேள்வி தீர்ந்தது. தாய் நிறுத்தினாள். தூதுவனின் முறை.

சுயம்புலிங்கம் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தொண்டையைச் செருமினார். அவருடைய கண் அந்த வரியில் நின்றதைச் சுகிர்தம் பார்த்தாள். கம்பத்தில் ஏறுகிறவன் அபாயப் பலகையைப் பார்ப்பதுபோல ஒரு நிற்றல். பிறகு அவர், வேறு செய்தியோடு வந்திருக்க நான் எவ்வளவோ விரும்பியிருப்பேன், அம்மா, என்று படித்தார். அது அதற்கு அடுத்த வரி. தாண்டிவிட்டார். பள்ளத்தைச் சுற்றி நடந்து அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார், நல்ல மனுஷர். சுகிர்தத்துக்கு மூச்சு வந்தது. கும்பிட வேண்டும்போல இருந்தது அவரை. மற்றவர்களும் கவனித்தார்கள், ஷமீனாவின் பென்சில் நின்றது, ஆனால் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எவ்வளவு பழகிய அமைதி. ஒரு ஊரே சேர்ந்து பழகின அமைதி.

"சார்," என்றாள் பெனிட்டா. தமிழில். "நீங்க ஒரு வரி விட்டுட்டிய."

"அப்படியாம்மா?" சுயம்புலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். "மழையில கண்ணாடி ஒரே பனிப்பு. சின்ன எழுத்து வேற. நீ அடுத்தத படி, பரவால்ல."

"சின்ன வரிதான் சார். நடுவுல இருக்கு. படியுங்க."

"பெனிட்டா," என்று சுகிர்தம் எழுந்தாள். "அது பெரிய விஷயம் இல்ல. கத எல்லாருக்கும் விளங்கியாச்சே. நாம அடுத்த..."

"விளங்கியாச்சு மிஸ்." பெனிட்டா அவளைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை அந்த முகத்தில். "எல்லாருக்கும் விளங்கியாச்சு. எனக்கும் விளங்கியாச்சு. ஆனா அத அவரு வாயால சொல்லாம எனக்க வரிய நான் எப்பிடிச் சொல்லுகது? இவ இவ்வளவு நேரம் அந்த ஆளப் பேச விடாம வச்சிருந்தா. இப்பம் பேச விட்டுட்டா. இப்பமும் அவன் சொல்லல்லேன்னா அவ அங்கனயே நிக்கணுமில்லா? எத்தன காலம் நிப்பா?"

சுயம்புலிங்கம் சுகிர்தத்தைப் பார்த்தார், அனுமதி கேட்கிற மாதிரி, காப்பாற்றச் சொல்கிற மாதிரி. இவ்வளவு நேரமும் யாரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம் என்ற ஒரு எண்ணம் அவளுக்குள் எழுந்து, முழுசாக உருப்பெறுவதற்குள், அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு தாளைத் தூக்கிவிட்டார். கை நடுங்கியது. தூதுவனின் கை நடுங்குகிறது என்று நாடகத்திலேயே எழுதியிருந்தது, ஆனால் அவர் அதைப் படித்திருக்கவில்லை. உங்கள் மகன் மூழ்கிவிட்டான், அம்மா, என்றார். ஆங்கிலத்தில்தான். ஆனாலும் அம்மா என்ற இடத்தில் ஆங்கிலச் சொல் வரவில்லை. அம்மா என்றே வந்தது.

பெனிட்டா கேட்டுக்கொண்டிருந்தாள். தாளைப் பார்க்காமல் அவரையே பார்த்துக் கேட்டாள், கேட்டு முடித்தபின்னும் கேட்டுக்கொண்டிருந்தாள், ஏதோ தூரத்தில் புறப்பட்ட ஓசை இப்போதுதான் வந்து சேர்ந்து, ஒவ்வொரு அறையாக நுழைகிற மாதிரி. சுகிர்தம் அவள் முகத்தைப் படிக்கப் பார்த்தாள், படிக்க முடியவில்லை. தன்னுடைய தெருமுனையும் ஷாமியானாவும்தான் குறுக்கே வந்தன, அன்றைக்கு அந்தத் துணியைப் பார்த்ததும் வந்தது அழுகை இல்லை, கையில் தூக்கிவந்த பெரிய பாரத்தை இறக்கிவைத்த மாதிரி ஒரு ஓய்ச்சல், அதை இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. பெனிட்டா தாளுக்குக் குனிந்தாள். தாயின் கடைசிப் பேச்சு. இப்போது நீ சொல்லிவிட்டாய். இதுவரை இந்த வீட்டில் நான் ஒருத்தியே அதை வைத்துக்கொண்டிருந்தேன். அந்த நீ, பழைய ஆங்கிலத்தின் நீ. அதுவரை தூதுவனை நீங்கள் என்றவள் இந்த இடத்தில் நீ என்கிறாள், அது அவமதிப்பா நெருக்கமா, விவாதிக்கவும் என்று சுகிர்தம் தன் தாளின் ஓரத்தில் நேற்றுக் கேள்வி எழுதி வைத்திருந்தாள். விவாதிக்க ஒன்றும் இல்லை என்று குரலிலேயே தெரிந்தது. பெனிட்டா அந்தச் சொல்லை, கரையில் நின்று கூப்பிடுகிற குரலில் இல்லை, பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசுகிற குரலில் சொன்னாள். ஷமீனாவுக்கு இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது, சூப் சூடாக இருக்கிறது அம்மா. அவள் அதைச் சொல்லாமல் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பிறகு பெனிட்டா தாளை மடித்தாள், மறுபடி விரித்தாள், ஆங்கிலத்துக்கு மாறி, சந்தேகம் கேட்கிற மாணவியின் குரலில் கேட்டாள்: தூதுவன் சொல்கிற வரியில், மூழ்கிவிட்டான் என்பதற்கு ஏன் இஸ் இருக்கிறது? ஹேஸ் என்றல்லவா வர வேண்டும்? அச்சுப்பிழையா? சுகிர்தத்துக்கு முதலில் கேள்வியே ஏறவில்லை. பிறகு, கைப்பிடி கிடைத்த மாதிரி, பலகைப் பக்கம் திரும்பினாள். அச்சுப்பிழை இல்லை. பழைய ஆங்கிலத்தில் அப்படித்தான். போனவன், வந்தவன், விழுந்தவன், மூழ்கினவன் எல்லோருக்கும் இஸ்தான் போடுவார்கள். செயல் முடிந்துவிட்டது, ஆனால் அந்த ஆள் அந்த நிலையில் இருக்கிறான் என்று அர்த்தம். சொல்லிக்கொண்டே வரும்போது, முப்பது வருஷத்தில் ஒரு தடவையும் தோன்றாத ஒன்று தோன்றியது. விதியை விட்டுத் தமிழில் சொன்னாள். "நாமளும் அப்படித்தான சொல்றோம்? போயிருக்கார். வந்திருக்கார். இறந்திருக்கார்னுகூடச் சொல்றோம். இறந்து, இருக்கார். ரெண்டையும் சேத்துத்தான் சொல்றோம்." சொன்னபின் பயந்தாள். அதிகமாகப் பேசிவிட்டோமோ? இறந்தவரை இருக்கிறார் என்று சொல்லி மறுபடியும் கடிதம் எழுத வைத்துவிடுவோமோ? ஆனால் பெனிட்டா அதை வேறு விதமாகக் கேட்டுக்கொண்டாள்போலிருந்தது. மெல்லத் தலையாட்டினாள். "அப்போ இஸ் போட்டதுனால ஆளு உயிரோட இருக்கான்னு அர்த்தமில்ல," என்றாள், தனக்குத்தானே. பிறகு, "சரி," என்றாள். எதற்குச் சரி என்று சுகிர்தம் கேட்கவில்லை.

மழை குறைந்திருந்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள், போகும்போது பெனிட்டாவின் தோளை ஷமீனா ஒருதரம் தொட்டுவிட்டுப் போனாள். சுகிர்தம் பலகையை அழித்தாள். சுத்தமான பிறகும் அழித்தாள். என்ன சொல்வது, மன்னித்துக்கொள் என்பதா, நன்றாகப் படித்தாய் என்பதா. ஒன்று பொய், ஒன்று அற்பம். மனசு அங்கேயும் இங்கேயும் போய் முட்டிக்கொண்டிருந்தது. சுயம்புலிங்கம் திருப்பிக்கொண்ட குடையின் கம்பியை நிமிர்த்துகிற பாவனையில் வாசலிலேயே நின்றார், போகவும் மனசில்லாமல், இருக்கவும் தெரியாமல். பெனிட்டா பையை எடுத்துக்கொண்டு மேஜைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. அழுதது எப்போது என்று தெரியவில்லை.

"மிஸ், ஊருல அந்தப் புயல் வருசம் செத்துப்போன எல்லாருக்கும் சேத்துப் பூச வச்சப்பம், அவங்க பேர வாசிக்கப்பிடாதுன்னு பங்குச் சாமியாருகிட்ட சண்ட போட்டேன். வாசிச்சா கோயில விட்டு எறங்கிப் போவேன்னு சொன்னேன். அதுக்கப்புறம் ஒருத்தரும் எனக்க முன்னால அந்தப் பேச்சே எடுக்கதில்ல. மாமியாகூட எடுக்கதில்ல. மாமியா பாவம், பெத்த அம்மைக்கும் அழணுமே. எனக்காவ அடக்கிக்கிட்டு இருந்திருக்காவ." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வாற சனியாழ்ச ஒரு பூசைக்குக் கேக்கப் போறேன். அவங்களுக்கு மட்டும். நீங்க வரணும்."

"வாறேன்," என்றாள் சுகிர்தம்.

வாசலில் குடையோடு போராடிக்கொண்டிருந்த சுயம்புலிங்கம் தொண்டையைச் செருமினார். "நானும் வரலாமாம்மா? எங்க ஆளுகளுக்கு உங்க வேதக்கோயில் மொற ஒண்ணும் தெரியாது. வந்தா தப்பில்லையே?"

பெனிட்டா அவரைப் பார்த்தாள். "நீங்க வராமலா?" என்றாள். "நீங்கதான சார் எனக்குச் சொன்னிய."